முன்பக்கம் மட்டும்

குளிக்கிற துவாலைக்கு இஸ்திரி போடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் போடுவார். ஈர உடம்பைத் துடைத்துக் கசக்கிக் கொடியில் எறியப்போகிற துணிக்கு மடிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது? ஒருநாள் கேட்டே விட்டேன். மனசுக்கு ஒரு திருப்தி என்றார். நல்ல மனுஷர்தான், வேறு வேலை இல்லை.

நான் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா இருந்தவரை சொல்வாள். கூடாது என்றால் சரி, உட்கார்ந்தே சொல்கிறேன். மேஜை ஆடினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது என் முட்டி.

நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து வீட்டு வேலை என்னுடையது. மனைவி எட்டு மணிக்கு அலுவலகம் போவாள், மகள் எட்டரைக்குக் கல்லூரி. வாரத்துக்கு இரண்டு கூடைத் துணி. அத்தனைக்கும் பெட்டி போட்டால் இடுப்பு விட்டுப்போகும். அதனால் ஒரு விதி வைத்திருந்தேன்: அடுத்தவர் கண்ணில் படுவதற்கு மட்டும் இஸ்திரி. தலையணை உறைக்குக் கிடையாது, வீட்டில் போடுகிறவற்றுக்குக் கிடையாது. மகள் சுவெட்டர் போடுகிற நாளில் சட்டைக்குக் காலர் மட்டும். மனைவி கோட்டு போடுகிற நாளில் காலரும் முன்பக்கமும்.

"ஏங்க, முதுகெல்லாம் கசங்கியிருக்கே?" என்பாள்.

"கோட்டக் கழட்டாத."

சிரித்துக்கொண்டே போவாள். ஒருநாள் அவள் அலுவலகத்தில் ஏசி நின்றுவிட்டது. சாயங்காலம் வரை கோட்டைக் கழற்றாமல் வெந்து, வீட்டுக்கு வந்து என்னை ஒரு பிடி பிடித்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு, எங்களோடு இருந்த அப்பாவுக்கு வாதம் வந்தது. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறல். மருமகளும் பேத்தியும் தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஆகவே அவர் படுத்திருந்த பின்னறைக்குள் போனவன் நான் ஒருவன்தான். திங்கட்கிழமைகளில் கிளினிக்கிலிருந்து நர்ஸ் வருவார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் படுக்க வைங்க சார். முதுகப் பாத்துக்கிட்டே இருங்க. வேற எத மறந்தாலும் இத மறந்துடாதீங்க" என்றார் அவர்.

முதல் மாதம் செய்தேன். அப்பா கனமான உடம்பு. தூக்கி, ஒருக்களித்து, தலையணை வைத்து, அவர் முனகி அடங்கும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும். "செத்த நேரம் ஒக்காருடா" என்பார். அது ஒன்றுதான் எனக்கு முடியாதது. இஸ்திரி மேஜை முன்னால் மூன்று மணி நேரம் நிற்பேன், கை ஓடிக்கொண்டிருக்கும். அசையாமல் கிடக்கிற ஒருவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊறும். எழுந்து ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன்.

அண்ணன் தூரதேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். முதல் வாரமே அண்ணி எட்டிப் பார்த்து, "மாமா சட்ட ஏன் இப்படிக் கசங்கிக் கெடக்கு? யாரும் கவனிக்கறதில்லையா?" என்றாள்.

சுருக்கென்றது. மலம் அள்ளியது, மூத்திரம் துடைத்தது, கஞ்சி ஊட்டியது எதுவும் அவள் கண்ணில் படவில்லை. சட்டை பட்டது.

அடுத்த ஞாயிறு அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். வராத கையைச் சட்டைக்குள் நுழைப்பது பெரும்பாடு. அதனால் கத்திரியை எடுத்து முதுகுத் துணியை வெட்டி எடுத்துவிட்டேன். முன்னாலிருந்து போர்த்தி, இரண்டு கையையும் மாட்டி, காலரை நிமிர்த்தினால் போதும். முகம் மழித்து, தலை வாரி, பவுடர் போட்டு, போனை மார்புக்கு மேலே பிடித்தேன்.

"அப்பா மாப்பிள்ள மாதிரி இருக்காருடா. நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்" என்றான் அண்ணன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலை போன பிறகு என்னை ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் நான்கானது. பிறகு காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. பிறகு அதுவும் விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் புரட்டவே முடியாது, முன்பக்கம் கசங்கிவிடும்.

"ஏங்க, அந்த ரூம்லேர்ந்து ஒரு வாட வருதே?" என்று மனைவி கேட்டாள். பரணில் எலி செத்திருக்கும் என்று சொல்லி, ஃபினாயிலை ஊற்றிக் கழுவினேன். அவள் நம்பினாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி ஞாயிறு அப்பா போனைப் பார்த்து, "முதுகு... முதுகு..." என்றார்.

"அப்பா என்னடா சொல்றாரு?" என்று கேட்டான் அண்ணன்.

"முதுகு அரிக்குதாம்" என்றேன்.

"சொறிஞ்சு விடுடா, சோம்பேறி" என்றான் அண்ணன். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் கூடத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலும்பு தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். விஷம் இரத்தத்தில் ஏறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

அண்ணன் வந்து இறங்கியதும் ஒன்றுதான் கேட்டான். "ஒரு தடவகூடவாடா திருப்பிப் பாக்கல?"

பார்க்கவில்லை என்றேன். தெரிந்தால் விட்டிருப்பேனா என்று அழுதேன். உங்களிடமும் நேற்று அதைத்தான் சொன்னேன், நீங்களும் அலட்சியம் என்று எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க அது என்னைப் படுக்கவிடவில்லை. என்னை எதுவும் சொல்லுங்கள், அலட்சியக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பார்த்தேன். மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டை மாற்றும்போது. முதுகின் அடியில், பாட்டில் மூடி அளவுக்குத் தோல் கறுத்து வாய் திறந்திருந்தது.

"என்னடா இருக்கு அங்க?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. விரிப்போட சுருக்கம் பதிஞ்சிருக்கு."

அப்போதே மருந்து வைத்துப் புரட்டிப் போட்டிருந்தால் ஆறியிருக்கும். அது எனக்குத் தெரியும், நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் அவர் வருகிற நாள். வந்தால் சட்டையைத் தூக்குவார், அண்ணனுக்குச் சொல்லுவார், ஞாயிறு பதினொரு மணிக்கு யாரும் என்னைப் பாராட்ட மாட்டார்கள். அன்றைக்குப் பேசி முடித்ததும் நர்ஸுக்குப் போன் போட்டு, அப்பாவை அண்ணன் அழைத்துப் போய்விட்டான், இனிமேல் வர வேண்டாம் என்றேன்.

"முதுகு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்.

சுத்தமாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு பதினொரு ஞாயிறு இருந்தார். ஒரு ஞாயிறுகூட நான் அவரைக் கசங்கிய சட்டையில் காட்டியதில்லை. இவ்வளவு எழுதினீர்கள், அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.