கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி

— ஐயோ... என்னப்பா இது, வீட்டுக்குள்ள வெள்ளம்!

— செருப்பைக் கழட்டாதம்மா, வழுக்கும். நான் ஏற்கெனவே ஒரு தடவை உக்காந்து பாத்துட்டேன்.

— குழாயை யாரு திறந்து விட்டது?

— வீட்டுல நான் ஒருத்தன்தானே? எலி மேலயா பழி போடுறது? டிரம்முல தண்ணி பிடிச்சேன்... சீரியல் பாத்து அழுததுல மறந்துட்டேன்.

— அந்த உலகம் அழியற சீரியலா? மறுபடியுமா?

— அழிஞ்சதெல்லாம் முதல் வாரமே முடிஞ்சுது. இப்ப மிச்சம் இருக்கறவங்க கதை.

— அதுக்காக இங்க டிரம் டிரம்மா தண்ணியா? லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூளை எந்த மாடியிலப்பா நின்னுபோச்சு?

— சிரி, சிரி. இன்னிக்குக் கடைசி பஸ் கிளம்புது. பொண்ணு ஏறிட்டா. அப்பன்காரன் கீழ நின்னுக்கிட்டு, 'நீ போ, அடுத்த பஸ்ல வரேன்'ங்கறான். அடுத்த பஸ்ஸே கிடையாது... ரெண்டு பேருக்கும் தெரியும்...

— அது நடிப்புப்பா. மாப்பு எங்க?

— உன் ரூமை நானே துடைச்சுட்டேன்.

— என் ரூமையா? எதுக்கு... இடுப்பு வலியை வெச்சுக்கிட்டு...

— கட்டிலுக்கடியில தண்ணி போயிடுச்சு. அங்க இருந்த பெட்டி...

— அது... ஆபீஸ்ல ஒருத்தியோடது. வெச்சிருன்னு குடுத்தா.

— கம்பளிக் கோட்டு, உன் அளவுல. இந்த வெயில்ல போட்டா அவிஞ்சு போயிடுவாளே, பாவம்.

— அந்தக் கோட்டு இப்ப எங்கப்பா?

— கொடியில காயப் போட்டிருக்கேன். சாயம் போகலை.

— இன்னிக்குத்தான் திறந்து பாத்தீங்களா?

— இன்னிக்கு இல்ல. போன வாரமே. ரிமோட் பாட்டரி உருண்டு உள்ள போச்சுன்னு குனிஞ்சேன்.

— அப்போ... ஒரு வாரமா சீரியல் பாத்து அழுதது?

— சீரியலுக்கு அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க பாரு.

— சொல்லிடலாம்னுதாம்ப்பா... அம்மாவும் இல்லாம உங்களை எப்படி...

— சுத்தி வளைக்காத. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட முப்பது வருஷம் பேசியிருக்கேன். 'இதோ, இதோ'ன்னா கத்துவாங்க. இத்தனை நிமிஷம்னு சொல்லிட்டா அடங்கிடுவாங்க. சொல்லு... எவ்வளவு நாள்?

— ரெண்டு வருஷம்ப்பா, வெளிநாட்டுல வேலை. இருபதாம் தேதி கிளம்பறேன். டிக்கெட் எடுத்து ஒரு மாசம் ஆச்சு. ஏர்போர்ட்டுல வந்து நின்னு ஜோக் மட்டும் அடிக்காதீங்க... என்னால போக முடியாது.