விளக்கைக் கழட்டினா

ஐயோ, ஒட்டுக்கேக்கல சிஸ்டர். நேத்து நீங்க வந்தப்ப லிஃப்டுல உங்க பின்னாடிதான் நின்னேன். போன்ல சொன்னீங்களே, தையல் போடும்போது விளக்கு மினுக்குனா பேட்டரிப் பெட்டிய யாரு அணைக்கிறது, விளக்க மட்டும் கழட்டி மாட்டிட்டா சரியாயிடும்னு. அது காதுல விழுந்துச்சு. அதுலருந்து இருப்புக் கொள்ளல.

ஆர்டர்ல கையெழுத்தா? எங்க சார் வரட்டும், காபிய குடிங்க. இல்ல, நான் நிக்கறேன்.

நான் இந்தக் கம்பெனியில டெஸ்டிங். நாலு வார்த்த சேந்தாப்ல பேசமாட்டேன், கேண்டீன்ல எம்பேரே ஊமைதான். இன்னைக்குப் பாருங்க, நிறுத்தத் தெரியல. நீங்க வாங்கப்போற பெட்டியும் அப்படித்தான். பேட்டரி பன்னெண்டு வோல்ட், விளக்குக்கு நாப்பத்தெட்டு வேணும். நடுவுல ஒரு சிப்பு ஏத்திக் குடுக்குது. விளக்குல கரண்ட் போகுதான்னு மட்டும்தான் அது பாக்கும். போகலன்னா பத்தலபோலன்னு இன்னும் ஏத்தும், இன்னும் ஏத்தும். போதும்னு அதுக்கா தோணாது. பக்கத்துல கரண்டத் தேக்கி வெக்கிற கெப்பாசிட்டர் தாங்குற வரைக்கும்தான், அப்புறம் அது வெடிச்சிடும்.

ஆங், கரெக்டா கேட்டீங்க. அதுக்கு ஒரு காவல் உண்டு, அறுபது வோல்டத் தாண்டுனா நிறுத்திடும். முதல் மாடல்ல இருந்துச்சு. சும்மா சும்மா அணையுதுன்னு எடுத்துட்டாங்க.

எப்படி பாஸாச்சுன்னா... எங்க மேஜையில விளக்க மாட்டிட்டுதான் பேட்டரியே குடுப்போம். கழட்டும்போது பேட்டரி மொதல்ல. சேந்த அன்னைக்கே கைக்குப் பழகிடும், யாரும் மாத்திச் செய்யறதில்ல. அதனால யாரும் பாக்கவுமில்ல. நேத்து நான் நீங்க சொன்னமாதிரி, எரியும்போதே விளக்கக் கழட்டிப் பாத்தேன். டப்புன்னு ஒரு சத்தம், ரூம் பூரா நாத்தம். மூடி இருக்கு, கைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா திரும்ப மாட்டுனா எரியல. நீங்க தையல் போட்டுட்டு இருக்கும்போதுன்னு நெனச்சுப் பாருங்க.

சார்கிட்டயா? எடுக்கச் சொன்னதே சார்தானே. இப்படி ஆகும்னு தெரிஞ்சே எடுத்தாரா, தெரியாமலா, அதான் தெரியல. நேத்து வீட்டுக்கே போனேன் கேக்கறதுக்கு. அக்கா தட்டு வெச்சுட்டா, பிள்ளைங்க மடியில ஏறிடுச்சு. கேக்காமலே சாப்ட்டுட்டு வந்துட்டேன்.

அக்கான்னா என் கூடப்பொறந்த அக்காதான். சார் அவ வீட்டுக்காரரு. இந்த வேலையும் அவரு வாங்கிக் குடுத்ததுதான்.

வராரு. சிஸ்டர், இந்தக் கண்ணாடிய மாட்டிக்குங்க. சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.

வாங்க சார். ம், விளக்கு மாட்டியாச்சு, பேட்டரியும் குடுத்துட்டீங்க. நல்லா எரியுது. சார், இப்படி எரியும்போதே விளக்க ஒரு தடவ கழட்டுங்களேன்.

இல்ல, அவங்க கேக்கல. நான்தான் கேக்கறேன். கழட்டுங்க அத்தான்.

சிஸ்டர், அவரு கையப் பாருங்க. விளக்கக் கழட்டச் சொன்னா, பேட்டரி வயரத்தான் மொதல்ல புடுங்கறாரு.