சிவப்புப் பொத்தான் வேலை பாக்கி

ஸ்ரீபெரும்புதூரில் என்னைவிட நன்றாக ஃபில்டர் காபி போடுகிறவர் யாரும் இல்லை. அது இருக்கட்டும். இந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அந்தக் காபியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வேட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை திமிர் பிடித்து ஓடிய, தகடு நசுக்கும் பிரஸ் மிஷின்கள் அத்தனையையும் நிறுத்தினேன். ஒரே வரியால். திடீரென்று சத்தம் நின்றதில் மண்ணூர் காக்காய்கள் பயந்து காஞ்சிபுரம் பக்கம் பறந்துவிட்டதாகக் கேள்வி.

இதைச் சொன்னபோது, இன்ஸ்பெக்டர் தசரதன் அவர்களே, நீங்கள் சிரித்தீர்கள். "இன்னா சார், ரிட்டையர் ஆனா வூட்ல பொழுது போவலியா?" என்று டீ வாங்கிக் கொடுத்தீர்கள். டீ சுமார். என் மனைவி ஜயஸ்ரீ உங்களுக்கு மேல். "ஆத்து மிக்ஸியை நிறுத்தத் தெரியாம பிளக்கைப் பிடுங்கறேள், நீங்க ஃபேக்டரியை நிறுத்தினேளாக்கும்" என்றாள்.

நான் விளக்க விளக்க நீங்கள் எல்லாரும் நம்பிவிட்டீர்கள். இன்னும் நம்பாதவள் ஒருத்திதான். வேல்விழி. இப்போது உங்கள் மேஜைக்கு எதிரே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் குற்றவாளி இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் நான் இந்த வாக்குமூலத்தை எழுதி முடிக்கிறேன்.

ஜெல்மா என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. எப்போது இறங்கவேண்டும், எப்போது ஏறவேண்டும் என்று பிரஸ் மிஷினுக்குச் சொல்லும் மொழி. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆகிறது. மிஷின்கள் மட்டும் கைமாறிக் கைமாறி நம் பக்கத்துப் பட்டறை ஷெட்டுகளுக்கு வந்து தகடு நசுக்கிக்கொண்டிருக்கின்றன. உலகத்தில் ஜெல்மா தெரிந்தவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். டிரைவர் சீட்டு எனக்கு. ஒரகடத்தில் தகடு பிரஸ் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்த்த வரது என்றால் மிஷின்களே எழுந்து நிற்கும்.

அந்த மொழிக்கு நாங்கள் மூன்று பேர் இலவசமாக ஓர் இணையதளம் கட்டினோம். கையேடு நான் எழுதினேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கி, எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி லைனில் நிற்கும் வேல்விழி 'ஓட்டிப்பார்' என்ற பக்கத்தைச் செய்தாள். புரோகிராமை அங்கே போட்டால் திரையில் ஒரு பிரஸ் ஏறி இறங்கும். சரியாக இருந்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மூன்றாவது ஆள் மகாராஜா. கோவில்பட்டிப் பையன், பிள்ளைப்பாக்கத்தில் ரகுபதி என்ற முதலாளியின் ஷெட்டில் ஆபரேட்டர். மிஷின் காட்டும் கோளாறுகளையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தமிழாக்குவான். "டையில தகடு மாட்டிருக்கு, பாத்து எடுலே" என்று ஒன்று. டை என்பது தகட்டை நசுக்கும் அச்சு. 'லே'யை நான் அடிப்பேன். அவன் திரும்பப் போடுவான். "ராத்திரி ஷிப்ட்ல அப்படிச் சொன்னாத்தான் சார் கேப்பானுவ."

'ஓட்டிப்பார்' பக்கத்தில் ஒரே ஒரு குறை. மிஷினில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் எல்லாம் அப்படியே நிற்கவேண்டும். உயிர்ப் பொத்தான். வேல்விழியின் திரையில் அது வெறும் படம். அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அதை வேலை செய்யவைக்கும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கேட்கும்போதெல்லாம் "ஆகட்டும்மா" என்பேன்.

இனி கோபத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரஸ் இறங்கவேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் இருக்கும் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அமுக்கவேண்டும். இரண்டு கையும் வெளியே இருந்தால் உள்ளே நசுங்கக் கை கிடையாது. இந்தச் சின்னக் கருணையும் ரகுபதிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தளத்திலேயே வந்து கேட்டார்: "ஒரு கைல பட்டனு, ஒரு கைல பீஸு, அந்த மாரி ஓட்ட புரோகிராம் கீதா சார்? புரொடக்ஷன் டபுள் ஆவும்." கீழே கும்பிடு போடும் பொம்மை வேறு.

என் சர்வீஸில் ஒரு பையனுடைய விரல்களைச் சாப்பாட்டு டப்பாவில் ஐஸ் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். வாசலில் செக்யூரிட்டி மறித்து, கம்பெனிக்குள்ளிருந்து பொருள் வெளியே போகிறதே, கேட் பாஸ் எங்கே என்று கேட்டான். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். அப்போதும் கேட் பாஸ்தான் கேட்டான். அந்தக் கோபம் ஆறவே இல்லை. புகார் எழுதாத ஆபீஸ் இல்லை. வந்தார்கள், பன் பட்டர் ஜாம் சாப்பிட்டார்கள், போனார்கள். இப்போது நாங்கள் கூலி வாங்காமல் கட்டிய தளத்துக்கே வந்து, கையை வெட்டக் கத்தி கேட்கிறார் ஒருவர், கும்பிடோடு.

கொடுத்தேன். வேறு பெயரில் வந்து கொடுத்தேன். ஒரு கையால் பட்டுப்போல ஓடும் புரோகிராம். ரகுபதி மட்டுமல்ல, அந்தப் புத்தி உள்ள ஷெட்காரர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நின்றுபோ என்று அதற்குள் ஒரு வரி வைத்தேன். யோக்கியமாக இரண்டு பட்டன் வைத்து ஓட்டிய ஷெட் ஒன்றுகூட அன்று நிற்கவில்லை. அதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டாவது வரியை. அது சின்ன வரி. நின்ற மிஷினில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், ஒருமுறை இறங்கு. உடனே அல்ல, சற்றுப் பொறுத்து. நல்ல மிஷினில் சிவப்புப் பொத்தான் நேராகக் கரண்ட்டையே வெட்டிவிடும், என் வரி பலிக்காது. இந்தப் பழைய மிஷின்களில் யாரோ அந்த ஒயரையும் புரோகிராம் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். அது என் தப்பில்லை.

யாருடைய கை என்று கணக்குப் போடாமல் நான் செய்யவில்லை. "என் மிஷின் நின்னா நான் தான் கை வெப்பேன், பசங்கள நம்பமாட்டேன்" என்று ரகுபதி தளத்திலேயே பீற்றிக்கொண்டிருந்தார். ஆகவே அந்தக் கை முதலாளியின் கை. ஒரு முதலாளி கை போனால் மறுநாளே இந்த ரோடு முழுக்க இரண்டு பட்டன் வந்துவிடும். இதைவிட மனிதாபிமானமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை மிஷின் சந்தனப் பொட்டோடும் வாழை இலையோடும் நின்றது. ரகுபதி பக்கத்தில்தான் இருந்தார். போனில் இருந்தார். "டேய் மகாராஜா, இன்னான்னு பாருடா" என்றார். மகாராஜா எங்கள் கையேட்டின்படி நடந்தான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன்: முதலில் சிவப்புப் பொத்தான், பிறகுதான் கை.

வலது கை. இனி அவன் இடது கையால் டைப் அடித்துப் பழகவேண்டும்.

மகாராஜாதான் புரோகிராமை மாற்றினான் என்று ரகுபதி உங்களிடம் புகார் கொடுத்தார். அந்தப் புகார் நிலைத்தால் பையனுக்கு நஷ்டஈடும் இல்லை, கட்டுப் போட்ட கையோடு ஜெயிலும் உண்டு. அதனால்தான் நானே வந்தேன். என் வேலையை இன்னொருவன் பெயரில் எழுதுவதை நான் சர்வீஸிலேயே அனுமதித்ததில்லை.

வேல்விழி உங்களிடம் என்ன சொன்னாள் என்பது நினைவிருக்கும். "சார் பொய் சொல்லுதாவ. மகாராஜாவக் காப்பாத்த பழிய ஏத்துக்கிடுதாவ. அந்த புரோகிராம நானே ஓட்டிப்பாத்தேன், பச்சைதான் காட்டுச்சி. சார் அப்படி எழுதுத ஆளு கெடையாது."

என் பாக்கி வேலையை இப்போது அவள்தான் செய்கிறாள். சிவப்புப் பொத்தானுக்கு உயிர் கொடுக்கிறாள். நடுவில் தலை நிமிராமல் கேட்டாள்: "சார், உங்க சர்வீஸ்ல மொதலாளி மிஷினுக்குள்ள கைய விட்டு ஒரு தடவையாவது பாத்திருக்கியளா?"

யோசித்தேன். அந்தக் கேள்விக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆகவே பதில் எழுதவில்லை.

முடித்துவிட்டாள். அந்தக் காலையின் தேதியைக் கொடுத்ததும், திரையில் பிரஸ் ஓடி நிற்கிறது. சிவப்புப் பொத்தானை அமுக்குகிறாள். நானும் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, "பாத்தியளா" என்று என் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பிய நேரத்தில், நான் வைத்த இடைவெளிக்கு மயிரிழை பிசகாமல், அது இறங்கியது. அவ்வளவு சுத்தமான வேலை. அவள் பாராட்டவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் காத்திருந்தேன்.

அவள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இறங்கிட்டு சார்," என்று உங்களிடம் சொன்னாள். "இந்தாளு சொன்னது நெசந்தான்."