சட்டைப் பையில் இருந்த பேட்ஜ்

— தர மாட்டேன்னா தர மாட்டேன், மங்கா. இந்த பேட்ஜ் என் சட்டைப் பையை விட்டு வெளியில வராது.

— சரி அண்ணா, மேல சொல்லு.

— மேல என்ன சொல்றது? ஷெட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடிண்டு நீயும் உத்தமனும் என்னமோ பண்றேள். கேட்டா, கூர்க்ல யாரோ காப்பி எஸ்டேட்காரருக்கு வெளி வேலைன்னே. போனாப் போறதுன்னு விட்டேன். இப்ப என்னடான்னா, நாளைக்குக் கார் பத்திரிகைக்காரா போட்டோ எடுக்க வரா, அந்த வண்டி மூஞ்சியில நம்ம கார் பேட்ஜை மாட்டணும்னு வந்து நிக்கற. அபசாரம்! இந்த தேசிகன் பண்றது ஸ்போர்ட்ஸ் கார். தரையோட தரையா, ரெண்டே சீட்டு. லாரி பண்றது கிடையாது.

— லாரி இல்ல சார், எஸ்யூவி.

— உத்தமா, நீ வாயைத் திறக்காதே. இதுக்கு வெல்டிங் அடிச்சதே நீதானே?

— நான்தான் சார். கண்டிசனா அடிச்சிருக்கேன். ஸ்வல்ப, கொஞ்சூண்டு தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க. அப்பறமா எவ்ளோ வேணா திட்டுங்க, வாங்கிக்கறேன்.

— பாக்க மாட்டேன். பாத்தா என் கண்ணுல ஒட்டிக்கும்.

— ஏன் அண்ணா இப்படிக் குதிக்கற? வெளிநாட்டுல பேர் பெத்த ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிக்காராளே உயரமா வண்டி பண்ணப் போறாளாம். நீ வாங்கற இங்கிலீஷ் பத்திரிகையிலதான் போட்டிருந்தான்.

— அதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடவே இல்லை, தெரியுமா?

— தெரியும். மறுநாள் காலம்பற ரெண்டு ஆள் பொங்கலைச் சேத்துச் சாப்பிட்டியாம். மன்னி சொன்னா.

— சிரிக்காதேடி. அவனுக்கு வெக்கமில்லை, பண்றான். எனக்கு இருக்கு. பொம்மசந்திராவுல ஒரு தகர ஷெட்டுல ஒருத்தன் கையால கார் பண்றான்னு கேள்விப்பட்டு பம்பாய்லேருந்து ப்ளேன் ஏறி வந்து பாத்துட்டுப் போறா. எதுக்காக? என்னோட சிவப்பு வண்டி வளைவுல திரும்பற அழகுக்காக. அந்த அழகை வச்சுண்டு கோணி மூட்டை மாதிரி ஒரு வண்டி பண்ணச் சொல்றியே, நியாயமா?

— அதே அழகான வண்டி பொம்மனஹள்ளி ரோட்டு ஸ்பீடு ஹம்ப்பைத் தாண்டணும்னா நாலு பேர் இறங்கித் தூக்கணும்.

— அந்த நாலு பேரும் நம்ம ஷெட் ஆளுங்கதான் சார். ஆபீஸுக்குப் போறவன்லாம் பைக்கை ஓரங்கட்டிட்டு வேடிக்கை பாப்பான். போன மாசம் ஒருத்தன், “ஏனு குரு, கார்ல நீங்க போறீங்களா, உங்க மேல கார் போகுதா”ன்னு கேட்டான். எனக்கு மானமே போச்சு.

— ஹம்ப்பை அவ்வளவு உயரமாப் போட்டவன் பேர்ல தப்பு. என் கார் பேர்ல தப்பு கிடையாது.

— சரி, மேல சொல்லு. உன் பிள்ளை சுஹாஸோட பூணல் அன்னிக்கு யார் பேர்ல தப்பு? நீ சிவப்பு வண்டியில ஜம்முனு மண்டபத்துக்குப் போயிட்டே. மன்னியும் உன் பொண்ணு ஷ்ரேயாவும் நானும் ஆட்டோல வந்தோம். பூணல் போட்டுக்கப் போற பையன், பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடிச்சுண்டு மாமாவோட ஸ்கூட்டர்ல வந்தான்.

— பக்கத்து சீட்டுல சாஸ்திரிகள் இருந்தார். அவரை யார் அழைச்சுண்டு வரது?

— அவரை வெளியில எடுக்கத்தானே அரை மணி ஆச்சு! அதுக்கப்பறம் அவர் நம்ம ஆத்துப் பக்கமே வரதில்லை.

— இதோ பார், ரெண்டு சீட்டுன்னா ரெண்டு சீட்டுதான். குடும்பத்தோட போறதுக்கு ஊர்ல பஸ் இல்லையா? நான் பண்றது அது இல்லை. அதுவும் அந்த பேட்ஜ்ல இருக்கறது யார் பேர்? உன் பேர். ‘மங்கை’. அப்பா, அம்மா, பெண்டாட்டி, பெருமாள், யார் பேரையும் வைக்காம தங்கை பேரை வச்சேன். எத்தனை அண்ணா பண்ணுவான்?

— ஒருத்தரும் பண்ண மாட்டா. அதுல எனக்கு எவ்வளவு பெருமைன்னு உனக்குத் தெரியாது. ஓசூர் ரோட்டுல எவனாவது “டேய், மங்கை போகுதுடா”ன்னு கத்தினா எனக்குத் தலை தானா நிமிரும். ஆனா ஒண்ணு சொல்லு. அந்த மங்கையில இந்த மங்கை ஒரு தடவையாவது உக்காந்திருக்காளா?

— ஏன், நான் கூப்பிடலையா? தூக்கி உக்கார வைக்கறேன்னு எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன்!

— என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம்! போலியோ வந்த கால்ல இரும்புக் கேலிப்பரை மாட்டிண்டு, பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுண்டு நின்னே காலேஜ் முடிச்சவ நான். கல்யாண மண்டபத்து வாசல்ல ஊரே பாக்கறச்சே, அண்ணா என்னைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி இறக்கணுமா? செத்தாலும் மாட்டேன். அவ்வளவு தாழ்வான வண்டியில இந்தக் காலோட ஏறவும் முடியாது, ஏறினா எழுந்துக்கவும் முடியாது.

— மேடம், தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம் உத்தமா. நான் நன்னாத்தான் இருக்கேன்.

— ஓ... இப்பத்தான் புரியறது. உனக்கு உக்கார ஒரு சீட்டு வேணும். வாயைத் திறந்து கேட்டிருந்தா ஒரு நல்ல அம்பாசடர் வாங்கித் தந்திருப்பேனே மங்கா. அதுக்குப் போய் ஒரு லாரியா?

— சீட்டுதான் வேணும். எந்த சீட்டுன்னு நீ கேக்கவே இல்லை.

— எந்த சீட்டா இருந்தா என்ன?

— சரி, ஒரு பந்தயம். இந்த வண்டியில என்னோட ஒரே ஒரு ரவுண்டு வா. அதுக்கப்பறமும் பேட்ஜ் தர மாட்டேன்னா, ஜன்மத்துக்கும் கேக்க மாட்டேன். பத்திரிகைக்காராளுக்கு நானே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன். வண்டியை நிஜமாவே யாராவது எஸ்டேட்காரருக்கு வித்துடலாம்.

— வாக்கு மாற மாட்டியே?

— நான் எப்ப மாறியிருக்கேன்?

— சரி. உத்தமா, தார்ப்பாயை எடு. ம்ம்... பரவாயில்லை, மூஞ்சி அவ்வளவு மோசமா இல்லை. பின்பக்கம்தான் மாடி வீடு மாதிரி இருக்கு. சாவியை எடுத்துண்டு நீ ஓட்டு. நான் தொட மாட்டேன். பக்கத்துல உக்காந்துக்கறேன்.

— சாவி என்கிட்ட இல்ல சார்.

— பின்ன?

— என்கிட்ட இருக்கு அண்ணா. நீ இடது பக்கமா ஏறிக்கோ. உத்தமா, நீ பின்னாடி ஏறு.

— மங்கா... அந்தப் பக்கம் எங்க போற? அது டிரைவர் பக்கம்.

— தெரியும். உத்தமா, கதவைத் தொடாதே, நானே திறந்துப்பேன். பாத்துக்கோ அண்ணா. முதுகைக் காட்டி உக்காந்தாச்சு. இரும்புக் காலைக் கையால தூக்கி உள்ள வச்சாச்சு. அப்படியே திரும்பி நல்ல காலையும் வச்சாச்சு. யாராவது தூக்கினாளா?

— இல்லை.

— அதுக்குத்தான் இந்த உயரம். இந்த சீட்டு என் இடுப்பு உயரத்துக்குப் பண்ணினது.

— ஏய், ஏய், விளையாடாதே! இடது காலால எப்படி கிளட்ச் மிதிப்பே?

— மிதிக்கவே வேண்டாம். கியர் தடியில சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு லீவர் இருக்கு பார். விரலால அழுத்தினா கிளட்ச். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் இருக்கு.

— இது யார் மூளை?

— மேடம் மூளை சார். வெல்டிங் மட்டும்தான் நம்மது.

— லைசென்ஸ்?

— பர்ஸுல இருக்கு, எடுத்துப் பாத்துக்கோ. நீ கோயம்புத்தூருக்கு ரேஸ் ரேஸ்னு ஓடற ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் என்ன பண்ணிண்டிருந்தேன்னு நினைச்சே? பாடி ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் சேசிஸ்ல உக்காந்து கத்துண்டேன்.

— மொத நாளே கேட்டை இடிச்சிட்டாங்க சார். லாரி இடிச்சிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். மன்னிச்சிக்குங்க.

— அடப்பாவி! அந்த லாரிக்காரனை நான் எவ்வளவு திட்டினேன்!

— நானும் கூட நின்னு திட்டினேனே அண்ணா, ஞாபகம் இல்லையா? பெல்ட் போட்டுக்கோ. கிளம்பறேன்.

— மெதுவா, மெதுவா... கேட்! கேட் இருக்கு!

— கேட்டைத் தாண்டி வந்தாச்சு. கண்ணைத் திற.

— முன்னாடி ஹம்ப்பு! மங்கா, ஹம்ப்பு! வண்டி வயிறு தட்டும்!

— தட்டித்தா?

— ...இல்லை.

— சார் காலைத் தூக்கி சீட்டு மேல வச்சிக்கினாரு மேடம். பழக்கம்.

— நீ வெளியில பாத்துண்டு வாடா. அது சரி, உனக்கு அங்க என்ன அவ்வளவு சந்தோஷம்?

— எத்தினி வருசமா கார் பண்றேன் சார். நான் பண்ண கார்ல நான் உக்காந்து போறது இதான் மொத தடவை. கஸ்டமரும் நீங்களும் உக்காந்தா எனக்கு எங்க எடம்? சும்மா சொல்லக்கூடாது, சொகமா இருக்குது.

— அண்ணா, எங்க வந்திருக்கோம் பார்.

— ஏரிக்கரை.

— ஏரிக்கரை வளைவு. ஒவ்வொரு வண்டியையும் நீ முதல்ல கொண்டு வந்து ஓட்டிப் பாக்கற இடம். இந்த வளைவுல ஆடாத வண்டிதான் தேசிகன் வண்டின்னு ஊரெல்லாம் சொல்லுவியே.

— வேண்டாம் மங்கா. சொன்னாக் கேளு. உயரமான வண்டி, கவுந்துடும். நேராப் போயிடு. ஏய், கியரை இறக்காதே! திருப்பாதே! ஐயோ, பெருமாளே!

— ஆடித்தா?

— வண்டியைத் திருப்பு.

— ஏன், பயமா இருக்கா?

— இன்னொரு தடவை போ. இந்தத் தடவை நான் கண்ணைத் திறந்துண்டு பாக்கணும்.

— சார், நான் ஒண்ணு சொல்லட்டா?

— சும்மா இருடா, கேக்கணும் எனக்கு... ம்ம்... டயர் கத்தலை. விட்டா ஸ்டியரிங் தானா நேராகறது. இது... இது என் வண்டி மாதிரின்னா இருக்கு!

— உன் வண்டிதான். சட்டம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் உன் கணக்கு. நீ சொல்லச் சொல்ல உக்காந்து வரைஞ்சவ நான்தானே? உயரத்துக்குத் தேவையானதை மட்டும் நான் மாத்தினேன். வண்டி உயரமானாலும் பாரத்தையெல்லாம் அடியிலேயே வச்சேன்.

— அது இருக்கட்டும். வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுட்டு, வளையறச்சே லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்தியே, அதை யார் சொல்லிக் கொடுத்தா?

— நீதான். சாப்பிடறச்சே சுஹாஸுக்குக் கதை கதையா சொல்லுவே. அவன் தூங்கி வழிவான். நான் மோர் விட்டுண்டே கேட்டுண்டிருப்பேன்.

— என்கிட்ட ரேஸ் கத்துக்க வர பசங்க ஒருத்தனுக்கும் அது வரலை மங்கா. ஒருத்தனுக்கும்!

— அப்படின்னா?

— அப்படின்னா என்ன அப்படின்னா? எனக்குப் பெருமையா இருக்கு. போறுமா? ஷெட்டுக்குப் போ. ஹம்ப்புல மெதுவாப் போக வேண்டாம், அப்படியே ஏத்து. அந்த மாடி வீட்டுப் பின்பக்கம் கூட இப்ப நன்னாத்தான் இருக்கும்னு தோணறது.

— பாக்கலாம். வந்தாச்சு. இறங்கு. நான் மெதுவா இறங்கிக்கறேன்.

— நீ இறங்கு. நான் தொடலை. பாத்துண்டு நிக்கறேன்.

— பந்தயம் ஞாபகம் இருக்கா அண்ணா? தரியா, இல்லே பத்திரிகைக்காராளுக்குப் போன் பண்ணட்டுமா?

— உத்தமா, இந்தா பேட்ஜ். மூக்கு மேல, நட்ட நடுவுல மாட்டு. கோணலா இருந்தா உன்னைத் தொலைச்சுடுவேன்.

— சூப்பர் சார்! இதோ ரெண்டே நிமிசம்... ஆங், மாட்டியாச்சு. மேடம், வந்து பாருங்க, சும்மா ஜொலிக்குது. ஸ்க்ரூட்ரைவரை உள்ள வச்சிட்டு வந்துடறேன் சார்.

— வைக்காதே. இன்னும் வேலை இருக்கு.

— இன்னும் இன்னா சார் வேலை?

— அந்தச் சிவப்பு வண்டியில இருக்கற பேட்ஜைக் கழட்டு. மங்கை ஏற முடியாத வண்டிக்கு இனிமே மங்கைன்னு பேர் கிடையாது.