கண்ணாடி இல்லாத மூன்று வளையம்

தொட்டி மீனைப் படம் பிடிக்க விலை கூடின லென்ஸ் வேண்டியதில்லை, ஐயா. வேண்டும் என்கிறவன் ஏமாற்றுகிறான். பழைய கேமரா, அதோடு வந்த லென்ஸ், இரண்டுக்கும் நடுவே மாட்ட மூன்று வளையம். போதும். வளையத்துக்குள் கண்ணாடிகூடக் கிடையாது. "காத்தையா விக்கிற?" என்று கடைக்காரனைக் கேட்டேன். "மாட்டிப் பாருங்க பெரியவரே, செதில் செதிலாத் தெரியும்" என்றான். தெரிந்தது.

ஒரே தொல்லை, மீன் லென்ஸுக்கு நாலு விரல் தூரத்தில் நிற்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் மங்கிவிடும். என் மீன்களோ என்னைக் கண்டாலே செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மறுபடி கடைக்குப் போனேன்.

"ரெண்டு நாள் இரை போடாதீங்க. மூணாம் நாள் டப்பாவைக் காட்டுங்க. தானா கண்ணாடிக்கிட்ட வந்து நிக்கும்."

நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடின. உள்ளே வெளுத்த சதை தொண்டைவரை தெரிந்தது. படம் என்னவோ பளிச்சென்று விழுந்தது. இரை போட்டேன். வயிறு நிறைந்ததும் வாலைக் காட்டிக்கொண்டு செடிக்குள் போய்விட்டன. நன்றிகெட்ட ஜென்மங்கள்.

என் வீட்டுக்காரி அப்போது நடமாடிக்கொண்டிருந்தாள். "மீனைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்றதுதானே? நாப்பது வருஷத்துல என்னை ஒரு படம் எடுத்திருப்பீங்களா?" என்பாள்.

"நீ முதல்ல அசையாம நில்லு" என்பேன்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது. மூத்திர நாற்றம், கடைவாயில் வழிகிற எச்சில், எல்லாம் நான்தான் துடைத்தேன். ஆள் வைக்கலாம் என்றாள் மகள். வருகிறவள் எதைச் சுருட்டுவாளோ, வேண்டாம் என்றேன். இவ்வளவு செய்தும் அவள் முகம் சுவர்ப் பக்கமே. ஊட்டும்போது திரும்புவாள், விழுங்கியதும் மறுபடி சுவர்.

அதனால் இரண்டு நாள் ஊட்டவில்லை. மூன்றாம் நாள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று கிண்ணத்தைக் காட்டினேன். திரும்பினாள். கல்யாணத்தன்றுகூட அப்படி என்னைப் பார்த்ததில்லை. நாலு கரண்டி கொடுத்தேன். மறுபடி சுவர். நாலு கொடுத்தது என் தப்பு. பிறகு ஒன்றோடு நிறுத்தினேன். அதற்கப்புறம் வெறும் கரண்டியே போதும் என்று ஆகிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது.

மகள் சாயங்காலம் போன் செய்வாள். "அம்மா சாப்பிட்டாங்களாப்பா?"

"கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்குறா."

"எனக்கு அது போதும்ப்பா. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

நான் பொய் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மூன்று வளையத்தையும் மாட்டி, நாலு விரல் தூரத்தில் வைத்துப் படம் எடுத்தேன். அவள் துளி அசையவில்லை. மத்தியானம் போய்விட்டாள். பட்டினி போட்டது நான், செத்தது அவள். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் டாக்டர் சொன்னாரென்று என் வாக்குமூலத்தில் கொடுமை என்று எழுதாதீர்கள். படம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். அவள் கருவிழிக்குள் நான் நிற்கிறேன், ஒரு கையில் கேமரா, மறு கையில் கரண்டி. வேறு யாருமே இல்லை அதில். பிரியம் இல்லாதவள் அப்படிப் பார்ப்பாளா, ஐயா?