ஒரே ரூம் கட்டிய அண்ணாச்சி

வாசலை மறிக்கக் கூடாது என்ற அறிவிப்பின் கீழேயே, துபாய் மெட்ரோவின் வாசலை மறித்தபடி, மேடை கட்டும் தொழிலாளர்கள் இருவர் நின்றார்கள்.

“அந்த அயர்லாந்து ராக் பேண்டைச் சேத்து வச்சது நாந்தாம்ல,” என்றார் மூத்தவர்.

“அவனுவ மொத தடவ வந்தப்ப ஸ்டேடியமே ரொம்பிச்சு. அடுத்த தடவ ஹோட்டல் ஹால்ல பாதிய திரை போட்டு மறைச்சோம். பொறவு பிரிஞ்சே போனானுவ. நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?”

“மறுபடி சேந்து ஷோ போட வந்தானுவள்லா, நேத்தும் பாட்டுக்காரனுக்கும் கிடார்காரனுக்கும் பேச்சு இல்ல. ஷோ நின்னா நம்ம டூட்டியும் கலாஸ். மேடைக்குப் பின்னால ரெண்டு பேருக்கும் மேக்கப் போட தனித்தனி ரூம் கட்டச் சொன்னாவ. நான் ஒண்ணுதான் கட்டுனேன். நம்ம லேபர் கேம்ப்ல சண்டை போட்டவனுவள ஒரே அடுப்புல சமைக்க விடுவோம்லா, அதே மாதிரிதான்.”

“பேசிக்கிட்டானுவளா?”

“எங்க பேச? ரெண்டு பேரும் சேந்து என்னையத் திட்டுனானுவ. அந்த ஒத்துமையிலேயே மேடைக்குப் போயி கடைசி வரைக்கும் பாடிட்டானுவ.”