பிளாஸ்டிக் மக்கில் பேசிய இன்ஸ்பெக்டர்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை எழுத்தர் முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது முப்பத்தாறு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. மனைவி கண் மருத்துவமனையில் நர்ஸ். ஐந்து வயதில் ஒரு மகளும் இரண்டு வயதில் ஒரு மகனும் உண்டு. வீட்டில் பெரியவள், சின்னவன் என்றே கூப்பிடுவோம். நேற்றுக் காணாமல் போன குழந்தை கிடைத்துவிட்டதால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். முழுவதையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

பெரியவள் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை நாள் உட்காரக்கூடியவள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம் எனக்குப் பொறுமை போய், குளியலறைக்குள் சென்று, பிளாஸ்டிக் மக்கை வாயில் கவிழ்த்துக்கொண்டு, "யாருடா அங்க சாப்பிடாம அடம் பிடிக்கிறது? இன்ஸ்பெக்டர் பேசுறேன்!" என்று அடித்தொண்டையில் உறுமினேன். நான் வெளியே வந்தபோது தட்டு காலியாக இருந்தது. பாதியைச் சின்னவன் வாயில் திணித்திருந்தாள் என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகு பல் தேய்க்க, பொம்மைகளை எடுத்து வைக்க, மதியம் தூங்க, எல்லாவற்றுக்கும் இன்ஸ்பெக்டர் வர ஆரம்பித்தார். "பாவம்ப்பா நீங்க, எப்பவும் நீங்க பாத்ரூம் போற நேரமா பாத்து வர்றாரு" என்று அவள் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். "பயந்துகிட்டு திங்கிற சோறு உடம்புல ஒட்டாது. இத்தோட நிறுத்துங்க" என்று என் மனைவி பலமுறை கண்டித்தாள். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையில் எனக்கு அந்த வேடம் பிடித்துப்போயிருந்தது. பேருந்து நிலையத்தில் நாள் முழுவதும் தொண்டை கிழியச் சொன்னாலும் சனங்கள் தப்பான வண்டியில்தான் ஏறுகிறார்கள். வீட்டில் ஒரு தடவை சொன்னால் நடந்தது.

நேற்று எனக்கு விடுமுறை, மனைவிக்குப் பகல் வேலை. காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறை வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ கெட்டுப்போகிறது என்று அர்த்தம். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சின்னவன் கழுத்தில் துண்டு கட்டியிருந்தது. கையில் பிஸ்கட்டுடன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் முன்மண்டையில் ஒரு கைப்பிடி முடி இல்லை. பெரியவள் கத்தரிக்கோலோடு பின்னால் நின்று, "தலைய ஆட்டாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதன் பிறகு கத்தரிக்கோல் அவன் காதுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அதைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய் மக்கை எடுத்து, "தம்பி தலையில கத்தரி வச்சது யாரு? இன்னிக்கு விட மாட்டேன். வண்டி கிளம்பிடுச்சு, பிடிச்சிட்டுப் போக இதோ வரேன்!" என்று முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கத்தினேன். அதன் பிறகு சின்னவனைத் தூக்கிவந்து, உடம்பெல்லாம் ஒட்டியிருந்த முடி போகக் குளிப்பாட்டி, துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. பெரியவளைக் காணவில்லை.

கட்டிலடி, அலமாரி, மொட்டை மாடி, பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் தேடினேன். தெருமுனை வரை சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். சிறிது நேரத்தில் ஜீப் வந்து எங்கள் கட்டடத்தின் முன்னால் நின்றது. வண்டி வருகிறது என்று நான் சொன்னது அப்படியே பலித்தது.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாஷிங் மெஷின் வாங்கியபோது வந்தது. சாவி, பால் பாக்கெட் எல்லாம் அதன் மேல் வைத்து வைத்து அதை எல்லோரும் மேசையாகவே நினைத்துவிட்டோம். சப்-இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்து, அதன் மேலேயே நோட்டை விரித்துக்கொண்டு விசாரித்தார். அவருக்குச் சளி பிடித்திருந்ததால் குரல் மெல்லியதாக இருந்தது. "பொண்ணு யாருக்காவது பயந்து ஒளியுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் ஒரு போலீஸ்காரரின் முகத்தைப் பார்த்து, உங்களைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அதன் பிறகு, "இல்ல சார், ரொம்ப நல்ல பொண்ணு. தட்டுல போட்டதெல்லாம் சாப்பிட்டுடும். எந்தத் தப்பும் பண்ணாது" என்று சொன்னேன். இது பொய்.

அப்போது தையல்காரம்மா வந்து, காலையில் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து முரட்டு ஆள் ஒருவன் வண்டி கிளம்பிவிட்டது, பிடித்துக்கொண்டு போகிறேன் என்று கத்தியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. அந்த ஆள் யார் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இதுவும் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதன் பிறகு அவர் வயர்லெஸ்ஸில் பேசி, ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கச் சொன்னார். யாரோ குழந்தை குட்டியோடு போனவர்களையெல்லாம் என்னால் வெயிலில் இறக்கி நிறுத்தியிருப்பார்கள். இன்னொரு பக்கம் ஒரு காவலர் தரைத் தொட்டியின் மூடியைத் திறந்து, நீளமான கம்பை விட்டுத் தண்ணீரைத் துழாவினார். கம்பு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதும் என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

தொட்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அந்த ஆளப் பத்தி விவரமா கேக்கணும். ஸ்டேஷனுக்கு வாங்க" என்று என் தோளில் கை வைத்தார். அப்போது பெட்டி அசைந்தது. சுவர்ப் பக்கம் கிழிந்திருந்த இடத்தின் வழியாகப் பெரியவள் தவழ்ந்து வெளியே வந்தாள். உடம்பு முழுவதும் வியர்வை. கவுன் நனைந்திருந்தது. வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டரின் முன்னால் வந்து நின்று அந்தக் கையை விரித்தாள். அதில் சின்னவனின் முடி இருந்தது.

"நான்தான் வெட்டினேன். அப்பா எனக்காகத்தான் பொய் சொன்னாரு. அப்பாவ விட்டுடுங்க, நான் வரேன்" என்றாள்.

பெட்டிக்குள்ளிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றத்தான் நான் பொய் சொன்னேன் என்று அவள் நம்புகிறாள். நான் காப்பாற்றியது என் மானத்தை. சப்-இன்ஸ்பெக்டர் அவளைத் தூக்கித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு நான் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் மக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எல்லைக்குப் பேசி, சோதனையை நிறுத்தச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்தி கேட்டு ஓடிவந்த என் மனைவி குளியலறை மக்கை எடுத்து அலமாரி மேல் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தாள். இன்று வாக்குமூலம் கொடுக்க அழைத்ததும் பெரியவள் தானும் வருவேன் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் தையல்காரம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவளுக்கு இன்னும் தெரியாது. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த அறைக்கு வருமுன், பெரிய குரல் இன்ஸ்பெக்டர் எங்கே என்று பெண் காவலரிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "அப்பா நல்லவருன்னு அவருகிட்ட சொல்லணும்" என்றாள்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன. பொய் சொன்ன இடங்களைப் பொய் என்றே குறிப்பிட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டதும் வெளியே போய், பெஞ்சில் இருப்பவளிடம் இதே வாக்குமூலத்தை மக்கு இல்லாமல் என் சொந்தக் குரலில் கொடுக்க வேண்டும்.

(ஒப்பம்)
குழந்தையின் தகப்பன்